செட்டிநாட்டில் கோயிலும் ஊரமைப்பும்

ஆலயம் ஒன்றுக்குக் கும்பாபிஷேகம் நிகழுங்கால், அதன் மூர்த்தி விசேடத்தையும், தலச் சிறப்பையும், தீர்த்த மகிமையையும் மலரில் எழுதிப் போற்றுதல் நம் மரபு. இம்மூன்றும் ஒருங்கே பொருந்திய இடத்தையே முன்னோர் புண்ணியத் தலம் என்றனர். மூர்த்தியின் பெருமையைப் பேசுதற்குப் பெரியோர் பலர் உளர். ஆதலின், தலம் என்பதற்கு ஊர் என்றும், தீர்த்தம் என்பதற்கு நீர்நிலை என்றும் நேர்பொருள் கொண்டு, கோயிலைச் சூழ்ந்த ஊரும் நீரும் செட்டிநாட்டில் எவ்வாறு அமைந்தன, இன்று எந்நிலையில் உள்ளன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நகரமைப்பு ஆராய்ச்சியும் தமிழ்நாடும்

நகரமைப்பு என்பது இந்நாளில் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகப் பயிலப்பெறும் ஆராய்ச்சிக் கலை. ஓர் ஊரின் மக்கள்தொகை, நீர்வளம், தொழில், போக்குவரத்து ஆகியவற்றை அளந்தறிந்து, அவ்வூர் வளரவேண்டிய வழியை முன்னரே வகுத்தல் அதன் பணி. ஓர் ஊரோடு அமையாது, பல ஊர்கள் அடங்கிய நிலப்பகுதியை ஒருங்கே வைத்து ஆராயுங்கால் அது வட்டாரத் திட்டமிடல் எனப் பெயர் பெறும்.

மேனாட்டில் இத்துறையை வளர்த்த பெரியோருள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டினரான பாட்ரிக் கெடிஸ். 1854-இல் பிறந்து 1932-இல் மறைந்த இவர் முதலில் உயிர்நூல் பயின்றவர். ஊரையும் ஓர் உயிராகவே கருதியவர். சென்னை மாகாண ஆளுநராயிருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியா வந்தார். அவர் அரிதின் முயன்று தொகுத்த நகரமைப்புக் காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் மூழ்கடித்தது. கெடிஸ் மனந்தளராது, நண்பர்கள் உதவியால் வேறு படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர்த் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் தெருக்களை நடந்தே கண்டு அறிக்கை வரைந்தார்.

அவ்வறிக்கைகளில் அவர் வற்புறுத்தியவை இரண்டு. ஊரை முற்றும் ஆராய்ந்த பின்னரே திட்டம் வகுத்தல் வேண்டும் என்பது ஒன்று. பழைய தெருக்களையும் வீடுகளையும் இடித்துத் தள்ளி அகன்ற சாலை போடுவதை விடுத்து, இன்றியமையாத இடத்தில் மட்டும் சிறிது நீக்கிச் சிறிது சேர்த்து ஊரைப் பிழைக்க வைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்ட அதிகாரிகளை அவர் மறுத்தார். மீனும் வாத்தும் கொசுப்புழுவை உண்ணும். குளத்தைத் தூய்மை செய்து காப்பதே அறிவுடைமை என்றார். தென்னாட்டுக் கோயில் நகரங்களை அவர் வியந்து போற்றியதும் இவ்வாராய்ச்சியின் பயனே.

தமிழர் ஒருவரும் இத்துறையில் அப்போதே புகுந்தார். சி. பி. வேங்கடராம ஐயர் என்பவர் தக்கணத்தின் பண்டை நகரமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1916-இல் சென்னையில் வெளிவந்தது. மதுரை, காஞ்சி, புகார் ஆகிய நகரங்களைப் பழந்தமிழ் நூல்கள் காட்டியவாறே அவர் ஆராய்ந்தார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கெடிஸ். சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920-இல் இயற்றப்பெற்றது. ஆகவே, தமிழ்நாட்டில் இக்கலை சட்டமாவதற்கு முன்னரே, கோயிலும் இலக்கியமும் அதற்குப் பாடமாக அமைந்தன என்பது தெளிவு.

ஒன்பது கோயில்கள்

புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாகப் பிரிந்திருந்ததையும், இரண்டற்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்ததையும் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். அக்காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த வணிகர் வழியினரே பின்னர்ப் பாண்டி நாடு புகுந்து, மன்னன் அளித்த இளையாத்தங்குடியில் குடியேறினர் என்பது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் மரபுரை. அங்கிருந்து அவர்கள் ஒன்பது கோயில்களுக்கு உரியவராகப் பிரிந்தனர். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன அவ்வொன்பது.

இளையாத்தங்குடியில் கயிலாசநாதரும் நித்தியகல்யாணியும், மாத்தூரில் ஐநூற்றீசுவரரும் பெரியநாயகியும், வைரவன்பட்டியில் வளரொளிநாதரும் வடிவுடையம்மையும், இரணியூரில் ஆட்கொண்டநாதரும் சிவபுரந்தேவியும் எழுந்தருளியிருத்தலை அன்பர் யாவரும் அறிவர். பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்த கருவறையில் கற்பக விநாயகர் வீற்றிருந்து உலகெங்குமுள்ள தமிழரை ஈர்க்கின்றார்.

இக்கோயில்கள் வழிபாட்டிற்கு உரியனவாதலோடு ஒரு நிலப்பகுதியைப் பிணிக்கும் முடிச்சுகளாகவும் விளங்கின. முன்னாளில் 96 ஊர்கள் என எண்ணப்பெற்ற செட்டிநாடு, இந்நாளில் ஏறத்தாழ 75 ஊர்களாகச் சிவகங்கை, புதுக்கோட்டை என்னும் இரு மாவட்டங்களில் பரந்துள்ளது. முன்னர் இது சிவகங்கை, இராமநாதபுரம் சமீன்களிலும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் பிரிந்து கிடந்தது. ஆட்சி எல்லைகள் பலவாயினும் நாடு ஒன்றாகவே இயங்கியது. கானாடுகாத்தானில் இருப்பவரும் தேவகோட்டையில் இருப்பவரும் ஒரே கோயிலைச் சார்ந்தவராயின் பங்காளிகள் ஆவர். அவர்தம் மக்களிடையே மணவினை இல்லை. எனவே உறவு ஊர் கடந்தது. அறநிலையங்களைப் பற்றிய முடிவும் ஊர் கடந்தது. வட்டாரத் திட்டமிடல் என ஆராய்ச்சியாளர் கூறும் கருத்து, ஈண்டுக் கோயில் வழியாக நடைமுறையில் இருந்தது எனல் பொருந்தும்.

புள்ளியும் வளவும்

திட்டமிடுவார்க்கு முதற்கண் வேண்டுவது கணக்கு. எத்தனை குடும்பம் உளது என்று அறியாது எவ்வளவு நீர் வேண்டும், எத்தனை மனை வேண்டும் என்று கூறவியலாது. நகரத்தார் மரபில் இக்கணக்கு ‘புள்ளி’ எனப் பெயர் பெற்றது. திருமணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. மணநாளில் இருதிறத்தார் கோயில்களிலிருந்தும் மாலை பெற்றுவருவர். அத்திருமணம் கோயிற் கணக்கில் பதிவாகும். கோயிற் செலவிற்குரிய வரி புள்ளி அளவில் வகுக்கப்பெறும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே காலத்தில் குடிக்கணக்கு எடுக்கும் முறை 1881-இல் தொடங்கிற்று. பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் அக்கணக்கு, 2021-இல் எடுக்கப்பெறவேண்டியிருந்தும் உரிய ஆண்டில் நிகழவில்லை. புள்ளிக் கணக்கோ ஒவ்வொரு திருமணத்தோடும் தானே புதுப்பிக்கப்பெறுவது. சிறு சமூகம் ஒன்றன் கணக்கேயாயினும், அது என்றும் உயிரோடிருக்கும் கணக்கு.

இப்புள்ளியே வீட்டின் அமைப்பையும் வகுத்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என வரிசையாக நீளும் செட்டிநாட்டு வீட்டில், வளவின் முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்திருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அவ்வறைகளில் பங்கு உண்டு. ‘வேறு வைத்தல்’ என்னும் சடங்கால் மணமக்கள் தனி அடுப்பு மூட்டித் தனிக் குடித்தனம் தொடங்குவர். ஆயினும் கூரை ஒன்றே. பெருங்குடும்பத்தின் ஒற்றுமையும் சிறுகுடும்பத்தின் உரிமையும் ஒரு கூரையின்கீழ் நின்றன. வீட்டுக்குள் அறை, கோயிலில் புள்ளி, நாட்டில் ஊர் என மூன்றும் ஒரே அளவுகோலால் அளக்கப்பெற்றன என்பது கருதத்தக்கது.

தெருவும் ஊருணியும்

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் புகுவார் முதலில் காண்பன நேராக ஓடும் தெருக்களும், அவற்றைச் செங்கோணத்தில் வெட்டும் குறுக்குத் தெருக்களுமாம். பெருவீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் அதன் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருக்கும். மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் தண்டகம், நந்தியாவர்த்தம், பதுமகம் எனப் பலவகை ஊரமைப்புகளைக் கூறுகின்றன. அந்நூல்கள் வற்புறுத்தும் திசையொழுங்கு இத்தெருக்களில் விளங்கக் காண்கிறோம்.

இவ்வொழுங்கின் உட்பொருள் நீரிலே உள்ளது. செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. செம்புராங்கல் நிறைந்த மேட்டுநிலம் இது. சிவகங்கைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதிலும் பெரும்பகுதி சில திங்களிற் பெய்து தீர்ந்துவிடும். எனவே பெய்த துளியைப் போகவிடாது பிடித்தல் உயிர்ப்பிரச்சினையாயிற்று. ஓட்டுக் கூரையின் நான்கு புறமும் சரிந்து விழும் மழை, வளவின் முற்றத்தில் இறங்கும். அண்டா நிறைந்தது போக எஞ்சிய நீர் தெருவின் வாய்க்காலை அடையும். தெருக்களின் வாட்டம் அந்நீரைக் குளங்களுக்கும் ஊருணிகளுக்கும் கொண்டு சேர்க்கும். குடிநீருக்கென ஒதுக்கிய ஊருணியில் குளித்தலும் துவைத்தலும் ஆகா. அதற்குச் சுற்றுச்சுவரும் படித்துறையும் உண்டு. காரைக்குடி மக்களுக்கு நெடுங்காலமாகத் தண்ணீர் ஊட்டிவரும் சம்பை ஊற்றும், மண்ணுக்குள் இறங்கிய மழையின் கொடையேயாகும்.

இவ்வமைப்பைக் காத்தது எது? சட்டம் என்று கூறுவதற்கில்லை. தெப்பத்திற்கு நீர் வேண்டும். ஆதலின் குளத்திற்கு வரத்துக்கால் வேண்டும். தேர் ஓடவேண்டும்; ஆதலின் வீதி அகலமாகவும் தடையின்றியும் இருத்தல் வேண்டும். சுவாமி புறப்பாட்டிற்கு முன் வாயில் தெளித்துக் கோலமிடுதல் வேண்டும். ஆதலின் தெரு தூய்மையாயிற்று. 1917-இல் இந்தூர் நகரில் பிளேக்கு நோய் பரவியிருந்தபோது, கெடிஸ் இவ்வுண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் எத்தெரு மிகத் தூய்மையாகச் செப்பம் செய்யப்பெற்றுள்ளதோ அத்தெரு வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் போட்டியிட்டுத் தெருக்களைத் தூய்மை செய்தது. அயல்நாட்டறிஞர் ஒருவர் ஆராய்ந்து கண்டதை நம் ஊர்த் திருவிழாக்கள் ஆண்டுதோறும் செய்துவந்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பழைய ஊரமைப்பில் தெருக்கள் சாதிக்கேற்பப் பிரிந்திருந்தன. ஊருணித் துறையில் எல்லாரும் ஒருபடித்தாக நீர் மொள்ளவும், கோயிலுள் எல்லாரும் சென்று தொழவும் இயன்றதில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் இயற்றப்பெற்ற ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவைத் திறந்தது. பழைய அமைப்பின் அறிவைப் போற்றுவோர், அதன் குறையை மீண்டும் கொண்டுவராதிருத்தல் கடமை.

செல்வம் பெயர்ந்த பின்

இவ்வீடுகளையும் கோயில்களையும் எழுப்பிய பொருள் கடல் கடந்து ஈட்டியது. இலங்கை, மலேயா, பர்மா ஆகிய நாடுகளில் நகரத்தார் கொண்டுவிற்று வந்தனர். பர்மாவில் மட்டும் அவர்தம் முதலீடு 75 கோடி ரூபாய் என 1929–30-இல் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஈட்டியதில் ஒரு பகுதியை ‘மகமை’ என ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்திற்கும் வழங்கினர். பர்மாத் தேக்கு தூணாயிற்று. ஆத்தங்குடியின் மண் தரைக்கற்களாயிற்று. முட்டை வெண்கரு கலந்த சுண்ணச்சாந்து சுவருக்குப் பளிங்கின் மெருகு தந்தது.

1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியில் எஞ்சிய தொழிலும் போயிற்று. மக்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலராயினர். பழுது பார்ப்பார் ஒருவரும் இலர் என்னும் நிலை பல வீடுகளுக்கு வந்தது. தூணும் நிலையும் கதவும் பெயர்த்து விற்கப்பெற்ற வீடுகள் உண்டு. வீட்டு முற்றம் இடிந்தால் தெரு வாய்க்காலுக்கு நீர் இல்லை. வாய்க்கால் அடைபட்டால் ஊருணிக்கு நீர் இல்லை. ஓர் உறுப்பு நலிய உடல் முழுதும் நலிவதுபோல, ஊரமைப்பும் நலிந்தது.

எனினும் ஆராய்ச்சியாளர் கவனம் இப்பகுதிமேல் திரும்பியுள்ளது. ‘தமிழ் வணிகரின் ஊர்த்தொகுதிகள்’ என்னும் கருத்தில் செட்டிநாடு 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றது. தனி மாளிகையைக் குறிக்காமல், ஊர்த்தொகுதி என்று குறித்தமை நோக்கத்தக்கது. மற்றொரு புறம், 1928-இல் நகராட்சியாகிய காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011 கணக்கின்படி நகரில் மட்டும் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மாநகராட்சி என்றால் புதிய சாலையும் புதிய மனைப்பிரிவும் தொடரும். பழைய வரத்துக்கால்கள் எவை என அறிந்து புதிய சாலை போடப்பெறுமா, அறியாமல் அவற்றின்மேலே போடப்பெறுமா என்பதே இன்று இந்நாட்டின் முன் நிற்கும் வினா.

திருப்பணி நெறி

இவ்வினாவுக்கு விடை காண வேற்றிடம் செல்லவேண்டுவதில்லை. கும்பாபிஷேகத்திற்கு முன் நிகழும் திருப்பணியிலேயே விடை அடங்கியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலை முற்றும் சோதித்துப் பழுது நீக்குதல் மரபு. அதற்குச் சீர்ணோத்தாரணம் என்று பெயர். பணி தொடங்கும் முன் பாலாலயம் அமைப்பர். மூல மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, அங்குப் பூசை குறைவின்றி நடக்க வழி செய்த பின்னரே உளி எடுப்பர். பணி முடிந்த பின் மருந்து சாத்தி, யாகசாலையில் உருவேற்றிய கலச நீரால் மீண்டும் நிலைபெறுத்துவர். காலந்தவறாச் சோதனை, மாற்றிடம் அமைத்தல், பழுதான உறுப்பை மட்டும் திருத்துதல், மீண்டும் நிலைபெறுத்தல் என்னும் நான்கும் இதில் உள. கெடிஸ் தஞ்சைத் தெருக்களில் நின்று வற்புறுத்தியதும் ஏறக்குறைய இதுவே. ஏழைகளின் குடிசைகளை இடிக்கும் திட்டக்காரர், இறைவனுக்கே மாற்றிடம் அமைத்த பின்னன்றித் திருப்பணி தொடங்காத மரபைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நன்று.

இந்நெறியிலிருந்து நாம் வழுவியதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பக்தி மேலீட்டால் சோழர் காலத்துப் பழங்கோயில்கள் சில முற்றும் பிரிக்கப்பெற்றுப் புதிய கருங்கற் கோயில்களாக எடுக்கப்பெற்றன. அப்போது பழைய கல்வெட்டுகள் சிதைந்தன என வரலாற்றறிஞர் வருந்தியுள்ளனர். நோக்கம் தூயது, இழப்பும் மெய்யானது. ஊரைப் புதுப்பிக்கப் புகுவார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

ஆராய்ச்சியும் சமயமும் கைகோத்து ஊரைத் திருத்தலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நல்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1970-களின் பிற்பகுதியில் தவத்திரு குன்றக்குடி அடிகளார் இந்நிலையத்து அறிவியலாளரைத் துணைக்கொண்டு, தம் ஊரின் வளத்தையும் தேவையையும் ஆராய்ந்து, கூட்டுறவு முறையில் தொழில்களைத் தொடங்கச் செய்தார். குன்றக்குடித் திட்டம் என அது நாடறிந்ததாயிற்று. ஆதீனத் தலைவர் ஒருவர் ஊர்த்திட்டத்தையும் திருத்தொண்டாகக் கொண்டார் என்பதே அதன் சிறப்பு.

இன்று செய்யத்தக்கது

கும்பாபிஷேகத்தின்போது ஊரார் ஒன்றுகூடுகின்றனர், அயலூரில் வாழும் புள்ளிகளும் வருகின்றனர், பொருளும் திரள்கின்றது. இத்தகைய வாய்ப்பு மீண்டும் வரப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். ஆதலின் ஒவ்வொரு திருப்பணிக் குழுவும் மதிலுக்குள் செய்யும் சோதனையை மதிலுக்கு வெளியேயும் செய்தல் வேண்டும். கோயிலைச் சார்ந்த ஊருணி எது, அதன் வரத்துக்கால் எங்குத் தொடங்குகிறது, எங்கு அடைபட்டுள்ளது, மிகைநீர் எங்குச் செல்கிறது என்பவற்றை நடந்து கண்டு வரைதல் வேண்டும். வருவாய்த்துறையின் கிராமப் படத்தையும் புலப்படங்களையும் அதனோடு ஒப்பிடுதல் வேண்டும். அருகிலுள்ள கல்லூரி மாணவரை இப்பணியில் ஈடுபடுத்தலாம். ஊர் முதியோர் வாய்மொழியையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு படியைத் திருப்பணிக் கணக்கோடு கோயிலில் வைத்து, மற்றொரு படியை ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ அளித்தல் வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு கோபுரத்திற்கு வண்ணம் தீட்டும் செலவினும் குறைவாகவே இருக்கும். பயனோ, அடுத்த கும்பாபிஷேகத்திற்குள் பெய்யும் பன்னிரண்டு மழைக்காலங்களிலும் கிடைக்கும்.

யாகசாலையில் வைக்கும் கலசத்திற்கு நீர் வேண்டும். அந்நீரை ஊரின் தீர்த்தத்திலிருந்தே மொண்டு வரும் நிலை, செட்டிநாட்டின் ஒவ்வோர் ஊரிலும் மீண்டும் உண்டாதல் வேண்டும். மூர்த்தியின் திருவருள், தலத்தையும் தீர்த்தத்தையும் பேணும் அறிவையும் ஒற்றுமையையும் நம் அனைவர்க்கும் அருளுமாக.